நாலரை வோல்ட்

கொச்சி
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மத்திகிரி வீட்டில்தான் இன்னும் இருக்கிறீர்களா என்று தெரியாது. பழைய முகவரிக்கே அனுப்புகிறேன். வீடு மாறியிருந்தால் பார்சல் திரும்பி வந்துவிடும், அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

உள்ளே இருப்பது நீ செய்து கொடுத்த ஃபஸ் பெடல். உன் அலுமினிய டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, ஸ்விட்சும் இரண்டு குமிழும் வைத்தாயே, அதேதான். ஐந்து வருடமாக எல்லா மேடைகளிலும் இதைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். காலால் அழுத்தினால் கிட்டார் சத்தம் கரகரவென்று கிழிய வேண்டும். பத்து நாளாக ஒன்றுமே வரவில்லை. இங்கே இரண்டு பேரிடம் காட்டினேன். "இதை யார் செய்தது? உள்ளே எந்தப் பாகத்திலும் நம்பரே இல்லையே, சுரண்டியிருக்கிறார்களே" என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். அவளிடமே கொடுங்கள் என்றார்கள்.

முடிந்தால் பார். முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடு.

கமலக்கண்ணன்


மத்திகிரி
03.03.2024

அன்புள்ள தம்பி கண்ணனுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். உன் நலத்துக்கு எழுது. வீடு மாறவில்லை.

பெடலைத் திறந்து பார்த்தேன். நீ மிதித்து மிதித்து மூடி உள்வாங்கி, ஒரு டிரான்சிஸ்டரின் காலை உடைத்திருக்கிறது. வேறு பழுது இல்லை. அந்தப் பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் என்னிடம் நான்கு மிச்சம் இருந்தது. நான்கையும் அளந்து, ஒன்றை எடுத்துப் போட்டேன். இரண்டாவது டிரான்சிஸ்டரில் நாலரை வோல்ட் நிற்க வேண்டும். நின்றது. மூடிக்கு அடியில் ஒரு தகடு கொடுத்திருக்கிறேன், இனி அமுங்காது. நம்பரைச் சுரண்டியது நான்தான். அப்போது யாராவது பார்த்துச் செய்துவிடுவார்களோ என்று ஒரு பெருமை.

எங்கள் லைன் லீடர் ஜெகதீஷிடம் சொல்லிவிட்டு, கம்பெனி டெஸ்டிங் பெஞ்சில் வைத்து, சத்தத்தின் அலையையும் திரையில் பார்த்தேன். மேலும் கீழும் சீவி விட்டது போலத் தட்டையாக இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சத்தம் எப்படி இருக்கிறது என்று எழுது. "நல்லா இருக்கு" என்று எழுதாதே. எந்தச் சத்தம் போல என்று எழுது.

மாமா விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ராஜலட்சுமி


கொச்சி
20.03.2024

அன்புள்ள அக்கா,

நலம். பெடல் வந்து சேர்ந்தது. கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். "மூவரும்" என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது யார்?

சத்தம் கேட்டாய். தாழ்ந்த கம்பியில் வாசித்தால், லாரி முதல் கியரில் மேடு ஏறுவது போல இருக்கிறது. மேல் கம்பியில், துணிக்கடையில் காடாத்துணியைக் கிழிப்பார்களே, அது. கிட்டார் குமிழைக் குறைத்தால் சுத்தமாகிவிடுகிறது, தேன் மாதிரி. இந்த வயதில் இப்படியெல்லாம் எழுத வைக்கிறாய்.

ஆனால் ஒரு தொந்தரவு. மாலை முதல் இரண்டு பாட்டுக்குச் சரியாக இருக்கிறது. மூன்றாவது பாட்டில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, விக்கல் எடுத்தவன் பேசுவது போல. டிரம்ஸ் வாசிக்கும் ராஜேஷ்குமார் சிரிக்கிறான். பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீழே என் புது நம்பர். ஒரு நாள் கூப்பிடு. எழுதுவதைவிடச் சுலபம்.

கண்ணன்


மத்திகிரி
14.04.2024

அன்புள்ள கண்ணனுக்கு,

எல்லோரும் நலம். மூன்றாவது என் மகள். பெயர் சிந்தூரி. மூன்று வயது முடிந்துவிட்டது. அப்போது உனக்குச் சொல்ல உன் நம்பர் என்னிடம் இல்லை. மாமா வீட்டாரோடு தெலுங்கு, என்னோடு தமிழ், தெருவில் கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசுகிறாள். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் சொல்வாள். குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது.

உன் விக்கலுக்குக் காரணம் வெயில். ஜெர்மேனியம் சூடு தாங்காது. இங்கே நான் சரிசெய்த அன்று காலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன். உன் மேடையில் விளக்கும் புழுக்கமும். சூடு ஏறினால் அந்த நாலரை வோல்ட் நகர்ந்துவிடும். அதனால் உள்ளே ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறேன். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகும். விக்கல் வந்தால் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு.

ஃபோன் வேண்டாம். மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்தால் வேலை. சர்க்யூட் படம் போட்டுக் காட்டவும் பேப்பர்தான் சரி. பெட்டியோடு கடிதமும் வரட்டும்.

திருகைத் திருப்பும்போது சத்தம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் எழுது.

அன்புடன்,
ராஜலட்சுமி


கொச்சி
09.05.2024

அன்புள்ள அக்கா,

நலம். எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள் என்பது ஒரு பெடல் ரிப்பேரில் தெரிய வருகிறது. நான் என்ன எழுதுவது? படம் ஒன்று அனுப்பு.

திருகு வேலை செய்கிறது. கால் சுற்றில் விக்கல் நிற்கிறது. அரைச் சுற்றில் சத்தம் தடித்து, மூக்கடைத்தவன் பாடுவது போல ஆகிறது. முக்கால் சுற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மேடையில் குனிந்து திருகிக்கொண்டிருந்தால், ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவன் மாதிரி இருக்கிறது. சூடு தாங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட முடியுமா? பெட்டியை அனுப்புகிறேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை உன் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. நீயே எடுத்தாய். "ஹலோ, ஹலோ, யாரு?" என்றாய். நான் மூன்று முறை "அக்கா" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். நீ வைத்துவிட்டாய்.

நீ வாங்கிக் கொடுத்த அப்ரெண்டிஸ் வேலையை நான் நாற்பதாவது நாளில் விட்டுவிட்டு வந்ததற்கு இன்னும் கோபமா? எனக்காக நீ எத்தனை பேர் காலில் விழுந்தாய் என்று தெரியும். "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. குரலிலும் முழிக்கக் கூடாதா?

கண்ணன்


மத்திகிரி
02.06.2024

அன்புள்ள கண்ணனுக்கு,

நலம். சிந்தூரிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. படம் வைத்திருக்கிறேன். பண்ணையில் மாமாவின் டிராக்டர் மேல் எடுத்தது.

ஞாயிறன்று இங்கே டவர் சரியில்லை. கோபம் எதுவும் இல்லை.

சிலிக்கான் போட்டாயிற்று. மாமா பெங்களூர் போனபோது எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சீட்டைக் காட்டி வாங்கி வந்தார். இந்த வகைக்கு மின்சாரம் எதிர்த்திசையில் ஓட வேண்டும், அதனால் பேட்டரி வயரையும் கெபாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பாதி சர்க்யூட் புதிது. நாலரை வோல்ட் அசையாமல் நிற்கிறது. ஸ்டவ் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் நின்றது.

சிலிக்கான் சத்தம் கூர்மை அதிகம் என்று படித்திருக்கிறேன். காதைக் குத்தினால் எழுது, ஒரு சின்ன கெபாசிட்டரில் முனையை மழுக்கிவிடலாம். குத்துகிறதா, இரைகிறதா என்று பிரித்து எழுது. இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்தத் திறமையை எல்லாம் இதில் செலவழிக்கிறாயே என்று மாமா கேட்டார். கம்பெனியில் நான் ரிப்பேர் பண்ணும் போர்டு எந்த வண்டிக்குள் போகிறது என்று எனக்குத் தெரியாது. இது போகும் இடம் தெரியும் என்றேன்.

அன்புடன்,
ராஜலட்சுமி


கொச்சி
28.07.2024

அன்புள்ள அக்கா,

நலம். சிந்தூரி படத்தைக் கிட்டார் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உன் நெற்றி அவளுக்கு.

பெடல் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. குத்துகிறது, கொஞ்சம். தகரக் கூரையில் ஆணி இழுப்பது போல. இரைச்சல் இல்லை. ஆனால் வேறொரு வேடிக்கை. போன வாரம் ஒத்திகையில் பெடலை அழுத்திவிட்டுச் சும்மா நின்றேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு அம்மா மலையாளத்தில் மீன்குழம்பு வைப்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரேடியோவைப் பிடிக்கிறது! கடைசி வரை கேட்டோம். ராஜேஷ்குமார் மறுநாள் அதே மாதிரி வைத்துப் பார்த்தான்.

முக்கியமான விஷயம். எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை ஸ்டூடியோவில் பதிவு பண்ணிவிட்டோம். நடுவில் ஒரு நிமிஷம் உன் பெடல் மட்டும்தான். பென் டிரைவில் போட்டு இந்தப் பெட்டியோடு அனுப்புகிறேன். இந்தத் தடவை நீ எனக்கு எழுது, எந்தச் சத்தம் போல இருக்கிறது என்று.

நவம்பர் கடைசியில் பெங்களூரில் வாசிக்கிறோம். உங்களுக்குப் பக்கம்தானே. மூவரும் வர வேண்டும்.

கண்ணன்


மத்திகிரி
19.08.2024

அன்புள்ள கண்ணனுக்கு,

நலம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது.

ரேடியோவுக்குக் காரணம், உள்ளே வரும் வயர் ஒரு ஏரியல் போல வேலை செய்கிறது. மேலே கம்பி வலை சுற்றிய வயர் போட்டிருக்கிறேன். முனையை மழுக்க இரண்டு டிரான்சிஸ்டருக்கும் தலா ஒரு சின்ன கெபாசிட்டர். இனி மீன்குழம்பு வராது.

பாட்டு கேட்டேன். நன்றாக இருந்தது. நடுவில் பெடல் சத்தம் தெளிவாக வந்திருக்கிறது. மாமாவும் கேட்டார்.

பெங்களூருக்கு அப்போது ஷிப்ட் எப்படி என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராஜலட்சுமி


கொச்சி
30.08.2024

அக்காவுக்கு,

பெடல் வந்தது. சரியாக இருக்கிறது.

நான் அனுப்பிய பென் டிரைவில் இருந்தது எங்கள் பாட்டே இல்லை. அவசரத்தில் தப்பான ஃபைலைப் போட்டுவிட்டேன், நேற்றுதான் கவனித்தேன். ராஜேஷ்குமார் தனியாக டிரம்ஸ் தட்டி மைக் சரிபார்த்தது அது. நான்கு நிமிஷம். கிட்டார் ஒரு இடத்திலும் கிடையாது. உன் பெடல் கிடையாது.

"தெளிவாக வந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய்.

ஒவ்வொரு திருகுக்கும் சத்தத்தை எழுது, எழுது என்று என்னிடம் கேட்டாய். உட்கார்ந்து எழுதினேன். நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். நான்கு நிமிஷம் உட்கார்ந்து கேட்க உனக்கு மனசில்லை. எப்படியும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாய். ஃபோனை வைத்ததற்கும் இப்போது அர்த்தம் புரிகிறது.

பெடல் இனி பழுதானால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம்.

கமலக்கண்ணன்


மத்திகிரி
13.10.2024

மச்சான் கமலக்கண்ணனுக்கு வெங்கடப்பன் எழுதிக்கொள்வது. நாங்கள் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை. ஆனால் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து கூட்டித்தான் எழுதுவேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

போன மாதம் கம்பெனியில் உங்க அக்கா நடந்து போகும்போது, பின்னாடி சரக்கு ஏற்றுகிற வண்டி வந்திருக்கிறது. ஹாரன் அடித்திருக்கிறான். இவள் ஒதுங்கவில்லை. தோளில் இடித்துக் கீழே விழுந்துவிட்டாள். எலும்பு விரிசல், கட்டுப் போட்டோம், இப்போது பரவாயில்லை. டிரைவர் அழுகிறான், அஞ்சு தடவை அடிச்சேன் சார் என்று. அதற்கப்புறம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவளுக்குக் காது கேட்பதில்லை மச்சான். சிந்தூரி பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிவிட்டதாம். சில பெண்களுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் அதிகமாகும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு காதும். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். ஃபோனில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் அந்தப் பெட்டியை என்னை நம்பி அனுப்புறான். காது கேக்காதவ செஞ்சதுன்னு தெரிஞ்சா அப்புறம் அனுப்புவானா?" என்றாள்.

அந்தப் பாட்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. டிவியில் பென் டிரைவைச் சொருகி, ஸ்பீக்கரில் காதை வைத்து வைத்துப் பார்த்தாள். டம்டம் என்று மட்டும் ஏதோ வருகிறது என்றாள். "நீங்க கேட்டுச் சொல்லுங்க, கிட்டார் எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு டிராக்டர் சத்தம் தவிர எதுவும் தெரியாது. இந்தக் காலத்துப் பாட்டு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். நல்லா இருக்கு, தெளிவா இருக்கு என்று சொன்னேன். அதைத்தான் அவள் எழுதினாள்.

உங்கள் கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. அரிசி டப்பாவில் பார்த்தேன். இது நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வெங்கடப்பன்


கொச்சி
20.10.2024

அன்புள்ள அக்கா,

மாமா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

தோள் எப்படி இருக்கிறது? எந்தக் கை? சாலிடர் பிடிக்க முடிகிறதா?

நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதற்கு மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்தேன், நானும் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஐந்து வருடமாக என்னிடம் எத்தனையோ பேர் இந்தச் சத்தம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நீ இதைக் கேட்காமலே நான்கு தடவை மாற்றியிருக்கிறாய். நான்கு தடவையும் சரியாக வந்திருக்கிறது. உன் கையை நான் நம்புகிறேன், காதை அல்ல. எப்போதும் அப்படித்தான்.

நவம்பர் 30, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இடம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று இருக்கைகள் முன்னால் பிடித்து வைக்கிறேன். கேட்பதற்கு வராதே. பார்க்க வா.

கண்ணன்


மத்திகிரி
08.12.2024

அன்புள்ள தம்பி கண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி எழுது.

கம்பெனியில் இருந்து கூப்பிட்டார்கள். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. வண்டி வராத சுவர் ஓரமாக என் மேஜையை நகர்த்தினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சாலிடர் வைக்கக் காது எதற்கு என்று ஜெகதீஷ் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இதற்காகத்தான் மூன்று வருடம் ஹாஜர் எடுக்கும்போதுகூடப் பக்கத்துப் பெண் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது காதுக்கு மெஷின் மாட்டியிருக்கிறார்கள், நீ பார்த்தாய். ஆபரேஷன் பற்றி வரும் மாதம் சொல்வார்களாம். மெஷினில் எல்லாம் கேட்கிறது. ஆனால் பாத்திரம் விழுந்தால், பஸ் ஹாரன் அடித்தால், சத்தத்தின் தலை வெட்டுப்பட்டுக் கரகரவென்று வருகிறது. உன் பெடல் செய்வதும் அதுதான், காரணம் எனக்குத் தெரியும் என்பதால் எரிச்சல் வரவில்லை.

அன்று நீ பெடலை மிதித்ததும் மெஷின் கீச்சென்றது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அதனால் பார்த்ததை எழுதுகிறேன். நீ மிதிப்பதற்கு முன்னால், முன்வரிசையில் ஒரு பையன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிதித்ததும் நிமிர்ந்தான். அப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா முகத்தைச் சுளித்தார், சிந்தூரி அவர் மடியில் எழுந்து நின்று குதித்தாள். நாற்காலிக் கை என் உள்ளங்கையில் அதிர்ந்தது. ராஜேஷ்குமார் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெடல் சரியாக இருக்கிறது என்று இத்தனையும் வைத்து முடிவு செய்தேன்.

வெளியே வந்த பிறகு, ஆட்டோக்களுக்கு நடுவில் நின்று நீ என்னிடம் ஏதோ கேட்டாய். விளக்கு உனக்குப் பின்னால் இருந்தது, வாய் தெரியவில்லை. இத்தனை நாள் இப்படி நேர்ந்தால் தலையை ஆட்டிவிட்டு, அப்புறம் யாரிடமாவது விசாரித்துக்கொள்வேன். அன்று "கேக்கல கண்ணா, இன்னொரு தடவ சொல்லு" என்றேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, மாமாவிடம்கூட.

நீ விளக்குப் பக்கம் வந்து நின்று, மறுபடியும் கேட்டாய். "சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாய், அதையும் இரண்டு தடவை கேட்டாய்.

அன்புடன்,
உன் அக்கா
ராஜலட்சுமி